எண்பத்தெட்டு போதும்

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க என் மனைவியின் விரல் நுனியில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப் முதன்முதலாக எண்பத்தெட்டு என்று காட்டியபோது, அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டினேன். எண்பத்தேழு. என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. கருவியில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் கோபம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும்.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்று அவளைக் கேட்டேன், ஏதோ அவள் படிக்காமல் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி.

"நான் என்னங்க பண்ணேன். மூச்சுதான் விட்டேன்" என்றாள்.

நான் கணக்கு வாத்தியார். முசிறியில் பதினோரு வருஷம், மிச்சமெல்லாம் திருச்சி. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கீழ்வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்து உட்கார்ந்த பிறகும் வாத்தியார் போகவில்லை. நூறு என்று ஒரு எண் இருந்தால் அதைத் தொடாதது எல்லாம் எனக்குக் குறைதான். கணக்கில் நூறு வாங்குவதை நாங்கள் சென்டம் என்போம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே வாய் இனிக்கும். தொண்ணூற்றொன்பது வாங்கி வந்து ஆசையாகக் காட்டியவனிடம், "அந்த ஒண்ண எங்கடா விட்ட?" என்று கேட்டவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டில், கட்டின பெண்டாட்டி விரலில் எண்பத்தெட்டு.

அவளுக்குப் புகைப்பழக்கம் கிடையாது. பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தாலே முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வாள். ஆனால் உப்பிலியபுரத்தில் அவள் அப்பா டிபன் கடை வைத்திருந்தார். பத்து வயதிலிருந்து கல்யாணமாகும் வரை, விடிந்தால் அந்தக் கடையின் உமி அடுப்பு முன்னால் இவள்தான். இட்லிக் கொப்பரையும் புகையும் இவளும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கேஸ் வாங்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் சிகரெட் குடிச்சவங்களுக்கு இருக்கிற நுரையீரல் சார் இது" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஏழு வருஷத்தை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அவள் உடம்பு எனக்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொண்டு, தன் பாட்டில் என்னென்னவோ ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்குப் புரியவில்லை. வெளிமூச்சை விடும்போது உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல் மெதுவாக ஊதுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்தால் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்துகொள்வாள். பேச்சும் மாறியிருந்தது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதியை ஆரம்பித்தால் கமா போட்டுக்கொண்டே போகிறவள், நாலு வார்த்தைக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள். வாக்கியத்தை மூச்சின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டாள். எனக்கோ, வயதாகிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று எண்ணம்.

கடைத்தெருவில் நடந்த கூத்து இன்னும் மோசம். கோயிலுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்பாள். பாத்திரக் கடையில் ஒரு நிமிஷம். வளையல் கடையில் இரண்டு நிமிஷம். ஒன்றும் வாங்க மாட்டாள்.

"வாங்கப் போறியா, இல்ல கணக்கெடுக்க வந்தியா?" என்று ரோட்டிலேயே கத்தியிருக்கிறேன்.

"பாக்கக் கூடாதா?" என்பாள். சிரிப்பாள். அவ்வளவுதான் அப்போது அவளிடம் காற்று இருந்திருக்கிறது. அவள் பாத்திரம் பார்க்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மூன்று வருஷம் அப்படி நின்றிருக்கிறாள். நான் அத்தனை தடவையும் பத்தடி முன்னால் போய் நின்று திட்டியிருக்கிறேன்.

டாக்டரம்மா வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொன்னார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின், வாடகைக்கு. முழங்கால் உயரம், ரைஸ் மில் மாதிரி சத்தம். அதன் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குண்டு. திருகைத் திருப்பினால் குண்டு மேலே ஏறும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை லிட்டர் கணக்கு போட்டிருக்கும்.

"ஒரு லிட்டர்ல வைங்க. எண்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரெண்டுக்குள்ள இருந்தா போதும் சார். அதுக்கு மேல வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். 'போதும்' என்ற வார்த்தை எனக்குத் தெரிந்த வார்த்தை. தேறாத பையனின் அப்பாவிடம் நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், "பாஸ் பண்ணா போதும் சார்" என்று. அதற்கு அர்த்தம், உன் பையனுக்கு இவ்வளவுதான் வரும், மனசைத் தேற்றிக்கொள் என்பது. டாக்டரம்மாவும் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். 'அதுக்கு மேல வேண்டாம்' என்று அவர் சேர்த்துச் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

மிஷின் வந்த பிறகு அவள் தொண்ணூறைச் சுற்றியே இருந்தாள். எண்பத்தொன்பது, தொண்ணூறு, ஒரு நல்ல நாளில் தொண்ணூற்றொன்று. பெங்களூரிலிருக்கும் எங்கள் மகள் தினமும் காலையில் போன் போட்டு, "அப்பா, இன்னைக்கு எவ்ளோ?" என்று கேட்பாள். நான் சொல்வேன். "ஓகேப்பா" என்பாள். மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் எழுந்து போகும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். மகளின் குரல் அப்படி இருக்கும். போனை வைத்ததும் நான் யார் மேலாவது விழுவேன். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார், என் மனைவி மாத்திரையை ஐந்து நிமிஷம் லேட்டாகப் போடுகிறாள். அவள் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலை எண்பத்தாறு காட்டியது. மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. போன் வருவதற்குள் மிஷின் பக்கம் குனிந்து திருகைத் திருப்பினேன். குண்டு இரண்டுக்கு ஏறியது. கால் மணி நேரத்தில் அவள் விரலில் தொண்ணூற்று மூன்று. நான் கிளிப்பைக் கழற்றவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு லிட்டர் கூட்டினால் ஏழு மார்க். இவ்வளவு எளிதான கணக்கை யாரும் போடாமல் விட்டிருக்கிறார்களே என்று தோன்றியது. மறுநாள் மூன்றில் வைத்தேன். தொண்ணூற்றேழு.

அந்த எண்ணை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் கை கூப்பும் படம் ஐந்தாறு போட்டு, உடனே வீடியோ காலில் வந்தாள். "அம்மா, நீ செம்ம" என்றாள். என் மனைவி கன்னமெல்லாம் சிவந்து, பார்க்க நன்றாக இருந்தாள். நான் காபி போட்டேன். போடும்போது பாடினேன் என்று பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

மூன்று நாள் அந்தச் சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலையில் தலை பாரமாக இருக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். காலை டிபன் முடிந்ததும் தூங்கிப்போனாள். பாவம், எத்தனை வருஷத் தூக்கமோ, தூங்கட்டும் என்று மின்விசிறியைக் குறைத்து வைத்தேன். எழுந்ததும் நான் நீட்டிய காபி டம்ளரை வாங்கும்போது அவள் விரல்கள் தாமாக ஒரு வெட்டு வெட்டின. காபி பாயில் கொட்டியது. சிரித்துக்கொண்டே துணி எடுத்துத் துடைத்தேன். நல்ல மார்க் வந்த வீட்டில் காபி கொட்டினால் என்ன.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தாள். அவள் தோள் ஏறி இறங்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. ஊதல் இல்லை. வாட்சைப் பார்த்து எண்ணினேன். முன்பு நிமிஷத்துக்கு இருபத்தாறு தடவை இழுத்து இழுத்து மூச்சு விடுகிறவள், பன்னிரண்டு தடவை, அலட்டிக்கொள்ளாமல் விட்டாள். விரலில் தொண்ணூற்றேழு. நானும் சாய்ந்து படுத்துத் தூங்கிவிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

நாலு மணிக்குக் காபியுடன் வந்து எழுப்பினேன். எழவில்லை. தோளைத் தொட்டேன். உலுக்கினேன். கண் பாதி திறந்து, என்னைத் தாண்டி எதையோ பார்த்து, மூடிக்கொண்டது. மூச்சை எண்ணினேன். எட்டு. நான் கத்திய கத்தலில், வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார் என்று நான் தினமும் திட்டும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அவளைத் தூக்கியவரும் அவர்தான்.

காவிரிப் பாலத்தில் சாயங்கால நெரிசல். ஆம்புலன்ஸ் நகர்ந்து நகர்ந்து போனது. நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "தொண்ணூத்தியேழு இருக்கு, தொண்ணூத்தியேழு இருக்கு" என்று உள்ளே இருந்த ஊழியரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மார்க் இருக்கிறது, எப்படி ஃபெயிலாவாள் என்று வாதாடுவதுபோல்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை லிட்டர்ல வச்சிருந்தீங்க?"

"நீங்க சொன்ன ஒண்ணுதான்" என்றேன்.

அறுபத்தாறு வயதில், பெண்டாட்டி நினைவில்லாமல் கிடக்கும்போது, ஒரு பொய். ஹோம்வொர்க் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லும் பையன்களை முட்டி போட வைத்த வாய் சொன்ன பொய். டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டில் ஊசியைச் செங்குத்தாக இறக்கி ரத்தம் எடுத்தார். அவ்வளவு ஆழமாகக் குத்தியும் அவள் முகம் சுளிக்கவில்லை.

"மூணு. மூணு லிட்டர் வச்சேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன், மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். உள்ளே போய் ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவள் முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கை மாட்டி, அதை ஒரு பெட்டியோடு இணைத்தார்கள். அந்தப் பெட்டி உஸ் உஸ் என்று அவளுக்காக மூச்சைத் தள்ளியது. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களையும் என்னையும் மூச்சு விடச் சொல்றது ஆக்சிஜன் இல்ல சார். கார்பன் டை ஆக்சைடுதான். அது ரத்தத்துல கொஞ்சம் ஏறினாலும், வெளிய தள்ளுன்னு மூளை சொல்லும். இவங்களுக்கு அது வருஷக்கணக்கா ஏறியே கிடக்கு. மூளை எத்தனை நாள்தான் சொல்லும்? பழகிப்போச்சு. அதுக்கப்புறம் ஆக்சிஜன் குறையுதேங்கற பயம் ஒண்ணுலதான் இவங்க உடம்பு மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. அந்தப் பயத்த நீங்க எடுத்துட்டீங்க."

டாக்டரம்மா மேலும் சொன்னார்.

"இது ஒண்ணுதான் காரணம்னு இல்ல. நுரையீரல்ல ரத்தம் ஓடுற வழியும் மாறும், வேற சிலதும் இருக்கு. ஆனா மொத்தத்துல, ஆக்சிஜன் நிறையக் கிடைச்சதும் மூச்சு குறைஞ்சுது. உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறிடுச்சு. தலைவலி, தூக்கம், கை வெட்டுறது எல்லாம் அதான். அந்தக் கிளிப் ஆக்சிஜனத்தான் காட்டும். இத காட்டாது."

"பொழைச்சுக்குவாளா?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

எண்பத்தெட்டு அவள் உடம்பு தோற்று வாங்கிய மார்க் இல்லை என்று அந்த நாற்காலியில்தான் எனக்கு விளங்கியது. ஏறும் விஷத்துக்குப் பழகி, குறையும் காற்றுக்குப் பழகி, உதட்டைக் குவித்து, கடை வாசலில் நின்று நின்று அவள் தானாகப் போட்டு எடுத்த விடை அது. நான் விடையைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்திருக்கிறேன். சரியாகப் போட்ட கணக்கைச் சிவப்பு மையால் அடித்த வாத்தியாருக்கு என்ன தண்டனை கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மதியம் கண் விழித்தாள். என்னைத் தெரிந்தது. கையைத் தூக்கி மாஸ்க்கைத் தட்டினாள். நர்ஸ் அதைக் கொஞ்சம் விலக்கியதும், "இத எடுங்க. குதிரைக்குக் கொள்ளு. கட்டின மாதிரி இருக்கு" என்றாள். நாலு வார்த்தைக்கு ஒரு முற்றுப்புள்ளி. தலைக்கு மேலே திரையில் எண்பத்தொன்பது என்று இருந்தது. வாழ்க்கையில் எந்த சென்டத்துக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, திருகை ஒன்றில் நிறுத்தி அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். பெங்களூரிலிருந்து ஓடி வந்த மகளிடம் சளி கட்டிவிட்டது என்று சொன்னேன். டாக்டரம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மகள் ஒரு வாரம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

என் மனைவியிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை ஈடுகட்ட மரியாதையாக நடந்துகொண்டேன். வெந்நீர் வேணுமாம்மா, ஜன்னலைச் சாத்தவாம்மா என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

"ஏன் புது மாப்ள மாதிரி பேசறீங்க? பயமா இருக்கு" என்றாள் ஒரு நாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்று காலை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அவள் மூக்கில் குழாய், பக்கத்தில் மிஷின் ஓடும் சத்தம். முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒன்றை மூன்றாக்கியது, டாக்டரிடம் பொய் சொன்னது, மகளிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். "உன்ன நான் கொன்னுருப்பேன்" என்று முடித்தேன்.

அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க திருகினது. அந்தக் குண்டு மேல ஏறுச்சுல்ல. பாத்துட்டுதான் படுத்திருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு லிட்டர்னு டாக்டர் சொன்னது உன் காதுலயும்தானே விழுந்துச்சு? தலைவலி தலைவலின்னியே, அப்பவாவது வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?" என் குரல் தானாக ஏறிவிட்டது. பயம் வந்தால் அப்படித்தான்.

அவள் ஒரு மூச்சு ஊதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இதனாலதான் தலைவலின்னு. எனக்கென்ன தெரியும்." மறுபடி ஒரு மூச்சு. "ஆனா அந்த மூணு நாள். நீங்க யாரையும் திட்டல. பால்காரர திட்டல. என்னைத் திட்டல. காபி கொட்டினேன். சிரிச்சீங்க." நிறுத்தினாள். "பாட்டுகூடப் பாடினீங்க. கல்யாணமாகி இத்தன வருஷத்துல. வீடு அப்படி இருந்ததே இல்ல. தலைவலிதானே. போனாப் போகுதுன்னு. இருந்துட்டேன்."

நான் அழுதேன். கீரைக்காம்பு கையில் இருக்க, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.